லைம் நோய்க்குப் பிறகும் விடாத வலி: சென்ற வாரக் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் பத்திரிகையின் நலவாழ்வுப் பக்கத்தில், உண்ணி கடித்துத் தொற்றும் கிருமி நோயான லைம் நோய் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். உண்ணிக்கடியைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று நினைத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அதன் கடைசிப் பந்தியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மருந்து முடிந்த பிறகும் வலியும் களைப்பும் விடாதவர்களின் உடம்பில் கிருமி ஒளிந்திருக்கிறது, மாதக்கணக்கில் நாளத்தில் அன்ரிபயோற்றிக் ஏற்றினால்தான் அது சாகும், இங்கே கனடாவில் செய்யமாட்டார்கள், எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனால் செய்வார்கள் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த விடாத களைப்போடு வாழ்கிறவள் நான். அந்தப் பந்தியை நம்பி வீட்டின் மேல் கடன் எடுக்கலாமா என்று இப்போது கணக்குப் பார்க்கிற குடும்பங்கள் இருக்கும். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு நடந்தது.

எனக்கு 54 வயது. ஊர் வடமராட்சி, இருப்பது ரொறன்ரோ ஸ்காபரோவிலுள்ள மல்வேண். பாண் தொழிற்சாலை ஒன்றில் பொதி செய்யும் பகுதியில் நின்று வேலை செய்தவள். றூஜ் பூங்கா ஓரமாக எங்களுக்கு ஒரு தோட்டத் துண்டு இருந்தது. கத்தரி, பயிற்றை, மிளகாய் வைத்திருந்தோம். வேலிக்கு அப்பால் முழங்கால் உயரப் புல். விடியப் போனால் மான்கள் நிற்கும். அந்தப் புல்லில்தான் எனக்கு உண்ணி ஏறியிருக்க வேண்டும். நான் அதைக் கண்ணால் காணவில்லை. இந்த நோயைக் கொண்டுவருகிற கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவுதான் இருக்கும். மே முதல் யூலை வரை அது புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். கடிக்கும்போது வலிக்காது. மாட்டுக் காதில் பருத்துத் தொங்கும் உண்ணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைக் கண்டாலும் உண்ணி என்று தோன்றாது. றூஜ் பூங்காவில் இவை இருப்பதை ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு பல வருடமாகச் சொல்லி வருகிறது. எங்கள் சனம் நெருக்கமாக வாழும் ஸ்காபரோவின் கிழக்கு ஓரம்தான் அது.

யூன் மாதத்தில் ஒரு நாள் படிக்கட்டில் ஏறும்போது பின்னால் வந்த மகள், "அம்மா, உங்கட காலுக்குப் பின்னால என்ன இது?" என்று கேட்டாள். வலது முழங்கால் மடிப்புக்குச் சற்று மேலே தோலில் ஒரு படை. அவள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டித்தான் நானே பார்த்தேன். முதலில் ஒரு டொலர்க் குற்றி அகலம்; ஒரு கிழமைக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. கைவைத்துப் பார்த்தால் கொஞ்சம் சூடு. சொறி இல்லை, நோ இல்லை. நிறம்தான் முக்கியம். எங்கும் படத்தில் காட்டுகிற, நடுவில் வெளிறி ஓரம் சிவந்த வளையம் அதில் இல்லவே இல்லை. என் தோலில் அது மண்ணிறமும் ஊதாவும் கலந்து, எங்கேயோ இடிபட்டுக் கன்றிப்போன இடமாகத்தான் தெரிந்தது. அருகிலிருந்த கிளினிக் ஒன்றில் பங்கசுக்குப் பூசும் கிறீம் தந்து அனுப்பினார்கள்.

வெள்ளைத் தோல்காரருக்கும்கூட அந்த வளையம் எப்போதும் வருவதில்லை. முழுக்க ஒரே நிறமாகப் பரவுவதும் உண்டு. கறுத்த தோலில், மண்ணிறத் தோலில் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு இந்த நோய் தோலில் தெரியும் முதற்கட்டத்தில் பிடிபடாமல், மூட்டு வீங்கும் கட்டத்தில் பிடிபடுவது கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாடப்புத்தகத்துப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அந்த முதற்கட்டத்தில் பிடிபட்டால் 10 நாள் டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோற்றிக் குளிசையோடு பெரும்பாலானோருக்குச் சுகமாகிவிடுகிறது. ஆகவே இது அழகுப் பிரச்சினை அல்ல.

அந்தக் கோடையில் காய்ச்சலும் தலையிடியும் வந்து போயின. ஓகஸ்ட் முடிவில் வலது முழங்கால் வீங்கிச் சப்பாத்துக் கட்டக் குனிய முடியாமல் போனது. எங்கள் குடும்ப வைத்தியர் மகளிடம் இருந்த படத்தைப் பார்த்ததும் இரத்தம் எடுக்க அனுப்பினார். லைம் உறுதியாயிற்று. மூட்டுக்கு இறங்கிய லைமுக்கு வழமையாகக் கொடுக்கும் 28 நாள் டொக்சிசைக்கிளின் தந்தார். முழங்கால் வற்றியது. எல்லோரும் சந்தோசப்பட்டோம்.

ஆனால் நான் எழும்பவில்லை. நித்திரை கொண்டு எழும்பினாலும் நித்திரை கொண்ட உணர்வு இல்லை. தோளில், மணிக்கட்டில், கழுத்தில் நோ இடம் மாறி மாறி வரும். ஒரு நாள் உடம்பு கொஞ்சம் இலேசாக இருக்கிறதென்று வீட்டைக் கூட்டித் துடைத்துக் கடைக்கும் போய்வந்தால், அதற்கு அடுத்த நாட்கள் கட்டிலில்தான். இதையெல்லாம்விடப் பயமுறுத்தியது ஞாபகம். புட்டுக்கு மாவைக் குழைத்து நீத்துப்பெட்டியில் போட்டுவிட்டு, இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறேன். தண்ணீர் கொதித்து வற்றி, பானை அடிப்பிடித்த மணம் வந்து என் கணவர்தான் ஓடிவந்து அடுப்பை நிற்பாட்டினார். நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்த வேலை அது.

ஆறு மாதம் கழிந்தும் இப்படி இருந்தால் அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: சிகிச்சைக்குப் பிந்திய லைம் நோய்க்குறி. லைமுக்கு முறையாக மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது வரலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லி வந்திருக்கிறது. அதைவிடக் கூடுதலாகக் கண்ட ஆய்வுகளும் இருக்கின்றன. அப்படியிருந்தும் குடும்ப வைத்தியர் என்னை அனுப்பிய இடத்தில் ஒரு விசேட வைத்தியர், "இரத்தமெல்லாம் சரி, மன அழுத்தம்தான்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். சொந்தத்திலேயே, "வேலைக்குப் போகப் பஞ்சி" என்று காதுபடச் சொன்னவர்கள் உண்டு. நாரி நோ என்றால் நம்புகிறார்கள், சீனி வருத்தம் என்றால் நம்புகிறார்கள். வெளியில் ஒன்றும் தெரியாத வருத்தத்தை எங்கள் சனம் நம்பாது.

இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு தாயை நம்பாமல் விட்டதில் இருந்துதான். அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் பொலி மறே என்ற பெண்ணுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் வருடக்கணக்காகத் தோலில் படை, காய்ச்சல், மூட்டு வீக்கம். போன வைத்தியர் எல்லாம் மனப்பிரமை என்றார்கள். அவர் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி வைத்தார். அயலில் யார் யாருக்கு முழங்கால் வீங்குகிறது என்று விசாரித்தார். 1975-இல் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அதே வேளையில் இன்னொரு தாயும் முறையிட்டிருந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்து அலன் ஸ்ரியர் வந்து ஆராய்ந்து, லைமும் அயலுமான மூன்று ஊர்களில் 39 பிள்ளைகளையும் 12 பெரியவர்களையும் பற்றி 1977-இல் எழுதினார். கிருமியை உண்ணியின் குடலில் வில்லி பேர்க்டோஃபர் கண்டதை உலகம் அறிந்தது 1982-இல். பொலி மறேயின் கொப்பிகள் இல்லாவிட்டால் இதெல்லாம் இன்னும் எத்தனை வருடம் பிந்தியிருக்குமோ. அவரைப் பற்றி வாசித்த நாளில் எனக்கு அழுகை வந்தது.

இனி எல்லை தாண்டிய கிளினிக்குகளின் விசயத்துக்கு வருகிறேன். அவர்கள் மருந்தை மட்டும் விற்பதில்லை. நான் பேசிய இடத்தில் தொலைபேசியின் மறுபக்கம் இருந்த பெண் என் கதை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். "உங்களை நாங்கள் நம்புகிறோம்" என்றார். அதுவரை யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அதன் பிறகுதான் விலை வந்தது: தங்களுடைய தனியார் இரத்தப் பரிசோதனை, நெஞ்சுக்கு மேலே குழாய் பொருத்துவது, மாதக்கணக்கில் மருந்து, பல்லாயிரம் அமெரிக்க டொலர். இவர் இரவு முழுக்க யோசித்துவிட்டு, "வீடு போனால் போகட்டும், நீர் எழும்பி நடந்தால் எனக்குக் காணும்" என்றார். அந்த மனுசனின் அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வங்கிக்குப் போக நாளும் குறித்துவிட்டோம். போவதற்கு முன் குடும்ப வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனோம். அவர் எங்களைத் திட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதைப் பற்றிச் செய்த ஆய்வுகளை ஒன்றொன்றாகச் சொன்னார். பின்னேரம் வீட்டுக்கு வந்து மகளைக் கொண்டு நானும் தேடி வாசிப்பித்தேன்.

2001-இல் மார்க் கிளெம்ப்னர் என்ற அமெரிக்க வைத்தியரின் குழுவினர் என்னைப் போன்ற 129 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு மாதம் நாளத்தில் செஃப்ட்ரியாக்சோன் என்ற அன்ரிபயோற்றிக், பிறகு இரண்டு மாதம் டொக்சிசைக்கிளின். மற்றவர்களுக்கு அதே மாதிரியான போலி மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற வைத்தியருக்கும் தெரியாது. இரத்தத்தில் லைம் உறுதிப்பட்ட பிரிவில், மருந்து பெற்றவர்களில் 37 வீதத்தினர் முன்னேறியிருந்தார்கள். போலி மருந்து பெற்றவர்களில் 40 வீதத்தினர். வித்தியாசம் இல்லாததால் ஆய்வை இடையிலேயே நிற்பாட்டினார்கள்.

அந்த இரண்டு இலக்கங்களையும் தங்கள் வாசகர்கள் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். "எங்கட மச்சாள் அங்க போய் ஏத்தித்தான் சுகமானவ" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பத்தில் நாலு பேர் அந்தக் காலத்துக்குள் எப்படியும் கொஞ்சம் தேறுகிறார்கள். ஏற்றிக்கொண்டிருந்தவர் ஏற்றியதால் என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், ஊரெல்லாம் சொல்லியும் இருப்பேன்.

வேறு ஆய்வுகளும் உண்டு. 2003-இல் 55 பேரை வைத்துச் செய்த ஒன்றில் களைப்பு மட்டும் ஓரளவு குறைந்தது. ஞாபகமும் யோசிக்கிற வேகமும் மாறவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அதே ஆய்வில் சிகிச்சையின் பக்கவிளைவால் நாலு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், அவர்களில் மூவர் போலி மருந்து ஏற்றப்பட்டவர்கள். மருந்து ஏற்ற உடம்புக்குள் நாட்கணக்கில் வைத்திருக்கும் அந்தக் குழாயே தனி ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2008-இல் பத்துக் கிழமை நாளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஞாபகம் முதலில் கொஞ்சம் திரும்பியது, 24-ஆம் கிழமையில் பார்த்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. 2016-இல் நெதர்லாந்தில் 280 பேர். எல்லோருக்கும் இரண்டு கிழமை நாளத்தில் மருந்து, பிறகு பன்னிரண்டு கிழமை சிலருக்கு அன்ரிபயோற்றிக், சிலருக்குப் போலி மருந்து. நீட்டிக் கொடுத்ததால் பலன் இல்லை.

குடும்ப வைத்தியர் கடைசியாகச் சொன்னது ஒரு முப்பது வயதுப் பெண்ணின் கதை. 2000-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வந்தது. விடாத லைம் என்று சொல்லி அவருக்கு 27 மாதம் நாளத்தில் அன்ரிபயோற்றிக் ஏற்றினார்கள். நெஞ்சுக்குள் போன குழாயின் நுனியில் பங்கசுக் கட்டி வளர்ந்து, அந்தத் தொற்றில் அவர் இறந்துபோனார். 2017-இலும் இப்படிச் சிகிச்சை பெற்று இரத்தத்தில் நஞ்சேறியவர்கள், குடல் தொற்றில் விழுந்தவர்கள் என ஐந்து பேரின் கதையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. இவர் அதன் பிறகு வங்கிப் பேச்சை எடுக்கவில்லை.

தனியார் இரத்தப் பரிசோதனை பற்றியும் ஒரு சொல். லைமுக்குச் செய்யும் சோதனை பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக எங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. கடித்த முதற்கிழமைகளில் அது இன்னும் உண்டாகியிராது, அதனால் நோய் இருந்தும் சோதனையில் இல்லை என்று வரலாம். சுகமான பிறகு வருடக்கணக்கில் அது இரத்தத்தில் இருக்கும், அதனால் நோய் போயும் இருக்கிறது என்று வரலாம். எனக்கு இன்று எடுத்தாலும் இருக்கிறது என்றுதான் வரக்கூடும். அந்தத் தாளைக் காட்டி "பாருங்கள், கிருமி இன்னும் சாகவில்லை" என்று ஒருவர் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பின் ஏன் வலிக்கிறது? முழுப் பதில் இன்னும் வரவில்லை. கிருமியை எதிர்த்துக் கிளம்பிய நோய் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் நிற்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 2019-இல் ஒரு குழு, லைம் மூட்டு வீக்கம் விடாதவர்களின் மூட்டு நீரில் கிருமியின் செல்சுவர்த் துண்டுகள் மருந்துக்குப் பிறகும் தங்கியிருந்து வீக்கத்தைத் தூண்டுவதைக் கண்டது. துண்டுக்கு உயிர் இல்லை. உயிரில்லாததை அன்ரிபயோற்றிக்கால் கொல்ல முடியாது. கொவிட் வந்து போன பிறகும் மாதக்கணக்கில் எழும்ப முடியாமல் கிடந்தவர்களைக் கண்ட பிறகு, தொற்று போன பின்னும் உடம்பு குழம்பி நிற்கும் என்பதை வைத்தியர்களும் முன்னையைவிட நம்புகிறார்கள். அந்தளவில் எனக்கு ஆறுதல்.

எனக்கு எது உதவியது என்பதை எழுதுகிறேன். அற்புதம் ஒன்றுமில்லை. முதலில் வைத்தியர் எல்லாவற்றையும் லைமின் தலையில் போடாமல் வேறு என்ன இருக்கிறதென்று தேடினார்: தைரோயிட், சீனி, பி12, இரும்புச்சத்து. என் இரும்புச்சத்து நிலத்தில் கிடந்தது. அதை ஏற்றியதும் மூச்சுவாங்கல் குறைந்தது. லைம் என்ற பெயர் ஒன்று வந்ததும் மற்றதைத் தேடாமல் விடுவது எங்கள் வயதுப் பெண்களுக்குப் பெரிய தீங்கு. பிறகு மன அழுத்தத்துக்கும் கொடுக்கிற அமித்ரிப்டிலின் என்ற குளிசையை இரவில் சிறிய அளவில் தந்தார், வலிக்கும் நித்திரைக்கும். "அது விசர்க் குளிசை, போடாதை" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாமம் முழுதாக நித்திரை கொள்ளக் கிடைத்தது எனக்கு. அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் அது கிடைத்திராது.

உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒருவர் நடக்கச் சொல்லித் தந்தார். வீட்டு வாசலில் இருந்து தபால்பெட்டி மட்டும். நல்லாக இருக்கிற நாளிலும் அதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அவர் போட்ட கட்டளை. அதுதான் கடினம். உடம்பு கொஞ்சம் கைகொடுத்தால் விட்ட வேலையெல்லாம் ஒரேயடியாக முடிக்க மனம் பாயும். பாய்ந்தால் மறுநாள் விழுத்தும். களைத்த பிறகு இருப்பதை விட்டு, களைக்க முதலே இருக்கப் பழகினேன். குசினியில் உயரமான கதிரை போட்டு இருந்தபடியே காய் வெட்டுகிறேன். தேங்காய் திருவுவது இவர் வேலை. அடுப்பில் எதை வைத்தாலும் மணிக்கூட்டில் அலாரம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் புட்டு அவிக்கும் ஒழுங்குகூட எழுதியிருந்தது. இப்போது அந்தத் தாள் தேவைப்படுவதில்லை.

வேலை பற்றி எங்கள் சனத்துக்குத் தெரியாத இரண்டு விசயங்கள். மத்திய அரசின் ஈ.ஐ. எனப்படும் வேலைக் காப்புறுதியின் நோய்க்கால உதவி 15 கிழமையாக இருந்தது, 2022 டிசெம்பரில் இருந்து 26 கிழமை வரை கிடைக்கும். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி, இயலாமை உள்ளவருக்குத் தாங்க முடியாத கஷ்டம் இல்லாதவரை வேலையை மாற்றியமைத்துக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. நான் வைத்தியரின் கடிதத்தோடு கேட்டேன். பாதி நேரம், இருந்து செய்யும் லேபல் ஒட்டும் வேலை கிடைத்தது. கேட்கத் தெரியாமல் வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

வராமல் காப்பதைப் பற்றித் தங்கள் கட்டுரை நன்றாகவே எழுதியிருந்தது. நான் சேர்ப்பது கொஞ்சம். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்புக்குச்சி என்று ஊர்க் கைவைத்தியம் வேண்டாம். கூர்நுனிச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தோட்டத்தால் வந்த உடுப்பை முதலில் டிரையரில் கூடிய சூட்டில் பத்து நிமிடம் போடுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: 2023 யனவரியில் இருந்து ஒன்ராறியோவில் உண்ணிக்கடிக்கு லைம் வராமல் தடுக்கும் மருந்தைப் பாமசிஸ்றே எழுதித் தரலாம். உண்ணி நீண்ட நேரம் ஒட்டியிருந்து, எடுத்து 72 மணித்தியாலத்துக்குள் போனால், பொருத்தமானவர்களுக்கு ஒரே ஒரு வேளை டொக்சிசைக்கிளின். குடும்ப வைத்தியருக்குக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

கனடாவில் இந்த நோயை நாடு முழுவதும் கணக்கெடுக்கத் தொடங்கிய 2009-இல் பதிவானவர்கள் 144 பேர். 2021-இல் 3,147 பேர். பசுமைக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் எலிசபெத் மே கொண்டுவந்த லைம் நோய்ச் சட்டம் 2014-இல் நிறைவேறியது, அதன் கீழான தேசியத் திட்டம் 2017-இல் வந்தது, கிங்ஸ்ரன் குயின்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஆராய்ச்சி வலையமைப்பும் அமைத்தார்கள். ஆனால் மருந்து முடிந்தும் எழும்ப முடியாதவர் ஒன்ராறியோவில் யாரிடம் போவது என்று கேட்டால் நேரான பதில் இல்லை. எல்லை தாண்டிய கிளினிக்குகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது இந்த வெறுமைதான். வலி, நித்திரை, நடை, ஞாபகம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற, ஓகிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டையோடு போகக்கூடிய கிளினிக் ஒன்று கிழக்கு ரொறன்ரோவில் வேண்டும். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு எங்கள் படலைக்கு வருகிற தமிழ் வேட்பாளர்களிடம் இதைத் தங்கள் நிருபர்கள் கேட்டு எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

தங்களிடம் எனது வேண்டுகோள் இவை. நீண்டகால அன்ரிபயோற்றிக் பற்றிய அந்தப் பந்திக்கு, மேலே சொன்ன ஆய்வுகளின் முடிவோடு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மே மாதம் தோட்டம் தொடங்கும் முன் மண்ணிறத் தோலில் இந்தப் படை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு படம் போடுங்கள். மகள் அன்று எடுத்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், முகம் இல்லை, தாராளமாகப் பாவிக்கலாம். என்னைப் போல மருந்து முடிந்தும் சுகமில்லாமல் இருக்கும் தமிழர்கள் தங்கள் முகவரிக்கு எழுதினால், தயவுசெய்து எனக்கு அனுப்பிவையுங்கள். மல்வேண் நூலகத்தில் மாதம் ஒருமுறை சனிக்கிழமை பின்னேரம் கூடலாம் என்று நினைத்திருக்கிறோம். நீண்ட நேரம் இருக்க ஏலாதவர்களுக்காக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கமாட்டோம். குடும்பத்தவரும் வரலாம்.

இப்படிக்கு,
மல்வேண் வாசகி,
ஸ்காபரோ